தாமஸ் மன்றோ: ரயத்துவாரியைக் கட்டியவரும் அதன் வரி அதிகம் என்று எழுதியவரும்

கேள்வி இதுதான்: சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும், ஒருகாலத்தில் சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவை உழவர்களின் நண்பர் என்கிறார்கள். அவர் பெயரோடு சேர்த்துப் படிக்கும் ரயத்துவாரி முறையோ (உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்குவது) உழவரைக் கசக்கிப் பிழிந்தது என்று பாடத்தில் வருகிறது. இரண்டில் எது சரி?

இரண்டுமே சரி. அவர் அமைத்த முறை ஒன்று, அந்த முறையில் போட்ட வரி விகிதம் வேறொன்று. முறையை மன்றோ வகுத்தார். விகிதம் தாங்க முடியாத அளவில் இருக்கிறது, நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807-லேயே கணக்குப் போட்டு எழுதிக்கொடுத்ததும் அவர்தான். அப்போது அரசு அதைக் கேட்கவில்லை. இந்த ஒரு கடிதத்தை விட்டுவிட்டு மன்றோவைப் பற்றிப் பேசினால் அவர் தெய்வமாகவோ கொடுங்கோலராகவோதான் தெரிவார்.

பிறந்தது 1761 மே 27, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. தந்தை அலெக்சாண்டர் மன்றோ வர்ஜீனியாவோடு வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வணிகத்தை அழித்தது. குடும்பம் நொடித்துப்போன நிலையில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்திருந்த பையன் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் கேடட்டாகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்து இறங்கினார். அந்த ஆண்டே மைசூரின் ஹைதர் அலி, ஆற்காட்டு நவாபின் நாடான அன்றைய கர்நாடகத்துக்குள் புகுந்தார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது, அவருக்கு உதவ வேண்டிய சர் ஹெக்டர் மன்றோவின் படையில் இந்த இளைஞரும் இருந்தார். அதன்பின் 12 ஆண்டு படை வாழ்க்கைதான். அதற்கிடையில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். வரி நிர்வாகத்துக்கு அவரை இழுத்தது இந்த மொழியறிவுதான். அன்றைய கம்பெனி சிவில் அதிகாரிகள் பெரும்பாலும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே காலம் தள்ளினார்கள்.

1792-ல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கம், கம்பெனிக்கு வந்தது. அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக மன்றோ, மெக்லியாட், கிரஹாம் என்ற மூவரும் அமர்த்தப்பட்டார்கள். நால்வரும் படை அதிகாரிகள். மன்றோ இருந்தது தருமபுரியில். 1799 வரை ஏழு ஆண்டு அங்கே கழித்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ரயத்துவாரியின் விதை மன்றோவுடையது இல்லை, ரீடுடையது. இடையில் ஜமீன்தாரையோ குத்தகைக்காரரையோ வைக்காமல் உழவரோடு அரசே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வது, நிலத்தை ஆண்டுக்காண்டு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளவும் வேண்டாவிட்டால் விட்டுவிடவும் உழவருக்கு உரிமை தருவது என்ற கொள்கையை 1796 டிசம்பரில் ரீடு அறிவிப்பாக வெளியிட்டார். மன்றோ அதைப் பெரிய நிலப்பரப்பில் நடத்திக்காட்டி, எழுத்தில் வாதாடி, லண்டன் வரை கொண்டுபோய் நிலைநாட்டினார்.

1799-ல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் நாட்டைப் பங்கிட்ட குழுவுக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்கள். பிறகு சிறிதுகாலம் கன்னடக் கடற்கரை மாவட்டமான கானரா. 1800-ல் அவருடைய வாழ்க்கையின் மையமான வேலை வந்தது. ஹைதராபாத் நிஜாம், தன் நாட்டில் நிறுத்தப்பட்ட கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாக, பல்லாரி, அனந்தப்பூர், கடப்பா, கர்நூலின் ஒரு பகுதி ஆகியவற்றை விட்டுக்கொடுத்தார். தெலுங்கில் தத்த மண்டலம் என்று பெயர். பின்னாளில் ராயலசீமை ஆனது இதன் பெரும்பகுதிதான். சுமார் 20 லட்சம் மக்கள். ஒரு கலெக்டர், நான்கு உதவியாளர்கள்.

முதல் தடை பாளையக்காரர்கள். சுமார் 80 பேர், ஒவ்வொருவரிடமும் கோட்டையும் ஆயுதம் தாங்கிய ஆட்களும் இருந்தார்கள். மன்றோ அவர்களிடம் முழு வரியைக் கேட்டார், ஆட்களைக் கலைக்கச் சொன்னார். மறுத்தவர்கள்மேல் டூகால்ட் கேம்பெல் தலைமையில் படை போனது. இதில் அவர் காட்டிய கடுமையை லண்டன் இயக்குநர்களே கண்டித்தார்கள். சென்னை அரசு அவர் பக்கம் நின்றது. திருநெல்வேலிச் சீமையின் பாஞ்சாலங்குறிச்சிக்கும், சிவகங்கைச் சீமைக்கும் நேர்ந்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். உழவரோடு நேரடிக் கணக்கு என்ற ஏற்பாடு, நடுவில் நின்றவர்களை ஆயுதத்தால் அகற்றியபின்பே சாத்தியமானது. மன்றோவைப் புகழ்கிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டாவது வேலை அளவை. 1802-ல் தொடங்கி சில ஆண்டுகளில் நிலம் முழுவதையும் அளந்தார்கள். சங்கிலியின் நீளம் 33 அடி. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் சேர்ந்தால் 1,089 சதுர அடி, அது ஒரு குண்டா. 40 குண்டா ஒரு ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், 43,560 சதுர அடி சரியாக வரும். இதற்கு முன்பு ஊருக்கு ஊர் அளவு மாறும், விதைப்பாட்டைச் சொல்லியே நிலத்தைச் சொல்வார்கள். ஒரே சங்கிலி என்பதே ஒரு பெரிய மாற்றம். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிந்தார்கள். அளவைக்காரருக்குப் பின்னால் தரம் பிரிப்பவர் போவார். புஞ்சையா, நஞ்சையா, தோட்டமா என்று முதலில் பிரித்து, மண்ணையும் நீரையும் பார்த்துத் தரம் போடுவார். ஊர்த்தலைவர், கர்ணம் என்ற ஊர்க் கணக்கர், உழவர்கள் எல்லோரும் கூட இருக்க வேண்டும். தரத்தில் சண்டை வந்தால் அங்கேயே கேட்டுத் திருத்துவார்கள்.

தவறு நடந்தது எங்கே என்றால், பெரும்பாலும் தரத்தில்தான். சங்கிலியில் ஏமாற்றினால் இன்னொருவர் போய் அளந்தால் தெரிந்துவிடும். மூன்றாந்தர மண்ணை ஐந்தாந்தரம் என்று எழுதினால் அதைப் பிடிப்பது கடினம். கர்ணம் தனக்கும் தலைவருக்கும் உறவுக்காரர்களுக்கும் தரத்தைத் தாழ்த்தி எழுதுவார். ஊரின் மொத்தம் குறையக் கூடாதே, அந்தச் சுமை எளியவனின் வயலில் ஏறும். பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கைகளில் திரும்பத்திரும்ப வரும் புகார் இது.

இனி ஆண்டுக் கணக்கு எப்படி நடந்தது என்று பார்ப்போம். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் போய்விடும் பகுதி இது, ஆனால் முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயிர்க்காலத் தொடக்கத்தில் தாசில்தார் ஊர் ஊராகப் போய் யார் எந்த வயலை உழப்போகிறார் என்று கேட்டு எழுதுவார். மாடு செத்துப்போனவருக்கும் விதையில்லாதவருக்கும் தக்காவி என்ற முன்கடன் உண்டு, கிணறு செப்பனிடவும் தருவார்கள். கரம்பை உழ முன்வருகிறவருக்கு முதல் சில ஆண்டுகளுக்கு வரி குறைத்து, கவுல் என்ற உறுதிச்சீட்டு எழுதித்தருவார்கள். பயிர் நிற்கும்போது தாசில்தார் இரண்டாம் சுற்று வந்து பார்ப்பார். அதன்பின் கலெக்டரே கூடாரத்தோடு புறப்படுவார். சில ஊர்களின் கர்ணங்களையும் தலைவர்களையும் உழவர்களையும் ஓரிடத்துக்கு வரவழைப்பார். கர்ணத்தின் கணக்கைப் படித்து, குறைத்து எழுதியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், அந்தக் கர்ணத்தோடு பகையுள்ளவரை விசாரிப்பார். மறைத்த நிலத்தை வெளிக்கொணர அதைவிட நல்ல வழி கிடையாது. முதலில் ஊருக்கு மொத்தம், பிறகு ஆளுக்கு ஆள். இந்த ஆள்வாரிப் பிரிவுக்குக் குலவாரி என்று பெயர். முடிவில் உழவர் கையில் பட்டா, அவரிடமிருந்து முச்சலிக்கா என்ற ஒப்புதல் சீட்டு. பட்டாவில் அவர் பெயர், வயல், அளவு, கட்ட வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். இதுதான் ஜமாபந்தி.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே கெட்டது?

முதலாவது, விகிதம். மன்றோவின் சொந்தக் கணக்கின்படி மொத்த விளைச்சலில் 100-க்கு 45 பங்கு அரசுக்குப் போனது. விதை, மாடு, கூலி எல்லாச் செலவும் மீதி 55-லிருந்து. ஓராண்டு மழை பொய்த்தால் உழவர் அடுத்த ஆண்டு எழுந்திருக்க மாட்டார். இரண்டாவது, கூட்டுப் பொறுப்பு. ஓர் உழவர் கட்ட முடியாமல் போனால் அந்தக் குறையை ஊரிலுள்ள மற்றவர்கள்மேல் 100-க்கு 10 வரை ஏற்றலாம். தனியாள் கணக்கு என்று சொல்லப்பட்ட முறைக்குள் இருந்த முரண் இது. நன்றாக உழுபவர், ஓடிப்போனவருடைய வரியையும் சேர்த்துக் கட்டினார். மூன்றாவது, விட்டுவிடும் உரிமை. எந்த வயலையும் ராஜினாமா செய்யலாம் என்பது விதி. வருவாய் குறைந்தால் தாசில்தாரைக் கேள்வி கேட்பார்கள், ஆகவே தாசில்தார் விடவிட மாட்டார். நல்ல வயலோடு ஒரு மோசமான வயலையும் சேர்த்தே தலையில் கட்டுவார்கள்.

ஏழாண்டில் தத்த மண்டல நிலவரி 4,02,637 பவுனிலிருந்து 6,06,909 பவுனாக ஏறியது. ஏறத்தாழப் பாதி கூடுதல். இந்த எண்ணைக் காட்டி அவர் பதவி உயர்வு கேட்டிருக்கலாம். ஆனால் 1807 ஆகஸ்ட் 15 தேதியிட்ட கடிதத்தில் அவர் கேட்டது வேறு: எல்லா நிலத்துக்கும் 100-க்கு 25 குறையுங்கள், உழவர் செலவில் நீர் இறைக்கும் கிணற்று நிலங்களுக்கு இன்னும் 8 சேர்த்து 33 குறையுங்கள். 45-ல் கால் பங்கைக் கழித்தால் 33¾, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஏன் மூன்றில் ஒன்று? அதற்குமேல் அரசு எடுத்தால் உழவர் கையில் மிச்சம் நிற்காது. மிச்சம் இல்லாத நிலத்தை யாரும் விலைகொடுத்து வாங்க மாட்டார்கள், அடமானமும் பிடிக்க மாட்டார்கள். விற்க முடியாத நிலம் சொத்து ஆகுமா? பட்டா என்ற காகிதத்துக்கு மதிப்பு வர வேண்டுமானால் வரி மூன்றில் ஒன்றுக்குள் நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். கிணற்று நிலத்துக்குக் கூடுதல் குறைப்பு கேட்டதற்கும் காரணம் அதுவே: கவலை கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் மாடும் தோல்சாலும் ஆளும் உழவருடையவை, நீருக்கு அரசு ஒரு காசும் போடவில்லை.

அரசு இதை ஏற்கவில்லை. அப்போது ஐரோப்பாவில் நெப்போலியனோடு போர், கஜானாவில் பணமில்லை. அதோடு வங்காளத்தின் நிலையான ஜமீன்தாரி முறைதான் அன்றைய மோகம். பாராமகாலில் ரீடும் மன்றோவும் உழவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதிய நிலத்தையே மிட்டா என்ற சிறு ஜமீன்களாக வெட்டி ஏலம் விட்டார்கள். பல மிட்டாதார்கள் பணம் கட்ட முடியாமல் விழுந்து, மிட்டாக்கள் திரும்ப அரசிடம் வந்தன. தத்த மண்டலத்தில் மன்றோ போனபின் ஊர் ஊராக மூன்றாண்டுக் குத்தகை, பிறகு பத்தாண்டுக் குத்தகை. அதிகம் கேட்டவருக்கு ஊரைக் கொடுத்து, அவர் உழவரைச் சுரண்டி, கடைசியில் அவரும் நொடித்துப்போனதுதான் பலன்.

1807-ல் விடுப்பில் போன மன்றோ 1814 வரை பிரிட்டனில் இருந்தார். சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விவாதத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். இந்திய வருவாய் பற்றிய 1812-ம் ஆண்டின் ஐந்தாம் அறிக்கையில் அவர் கருத்துகளின் தடம் தெளிவாகத் தெரியும். 1814-ல் ஜேன் கேம்பெலை மணந்து, நீதி நிர்வாகத்தைச் சீர்செய்யும் குழுவின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார். அதன் விளைவு 1816-ன் ஒழுங்குமுறைச் சட்டங்கள். ஊர்த்தலைவர் சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம முன்சீப் ஆனார், மாவட்ட முன்சீப்களாக அமர்ந்த இந்தியர்களுக்கு அதிகாரம் கூடியது, பஞ்சாயத்துத் தீர்ப்புக்குச் சட்ட இடம் கிடைத்தது. இவை நல்லவை. கூடவே போலீஸும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் நீதிபதியிடமிருந்து கலெக்டர் கைக்கு மாறின. என் மதிப்பீட்டில் மன்றோ செய்த மிகப்பெரிய தவறு இதுதான். வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவரும் ஆனார். அவர் அடித்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

1817–18 மராத்தா போரில் மறுபடி படையுடை அணிந்தார். கைவசம் இருந்த படை சொற்பம். உள்ளூரில் ஆள் சேர்த்து பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்தார். 1820 ஜூனில் சென்னை ஆளுநர்.

ஆளுநரானபின் ரயத்துவாரி சென்னை மாகாணத்தின் பொது முறையாகத் திரும்ப வந்தது. 13 ஆண்டுக்கு முன் கேட்ட வரிக்குறைப்பைத் தத்த மண்டலத்துக்கு அவரே நிறைவேற்றினார். ஆனால் தமிழ் மாவட்டங்களில் நிலைமை வேறு. தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் பரம்பரை நிலவுரிமையுள்ள மிராசுதார்கள் இருந்தார்கள். பட்டா அவர்கள் பெயருக்குப் போனது. செங்கல்பட்டில் தரிசு நிலத்துக்கு ஒருவர் தர்க்காஸ்து (உழக் கேட்கும் மனு) போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கே. சேற்றில் இறங்கி நட்ட பள்ளரும் பறையரும் எந்தப் பதிவேட்டிலும் ரயத்து ஆகவில்லை. உழவரோடு நேரடிக் கணக்கு என்ற சொல்லில் உழவர் யார் என்பதைத் தீர்மானித்தது பழைய சாதி ஒழுங்குதான். வரி விகிதத்தைவிட நீண்டகாலம் நின்ற பாதிப்பு இது.

அவருடைய ஆட்சியில் இன்னொரு வேலையையும் சொல்லாமல் போக முடியாது. 1822-ல் ஒவ்வொரு கலெக்டரிடமும் ஊர்ப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826 மார்ச் 10 குறிப்பில் தொகுத்த எண்கள்: மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்வி பெறுகிறார் என்று மதிப்பிட்டார். பெண்கள் மிகச் சிலரே. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு பெரிய பள்ளிகளும் தாசில் ஒன்றுக்கு ஒரு பள்ளியும் அரசு செலவில் தொடங்கத் திட்டம் போட்டார். பெரிய பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளிக்கு 9 ரூபாய். அவர் இறந்தபின் அந்தத் திட்டம் தேய்ந்துபோனது. 1824 டிசம்பர் 31 குறிப்பில், இந்தியரை உயர்பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்துகிறது, ஒருநாள் அவர்கள் தங்களைத் தாங்களே ஆளும் நிலைக்கு வர வேண்டும் என்று எழுதினார். அவரேதான் 1822-ல், பத்திரிகைச் சுதந்திரம் இந்தியாவுக்கு ஆகாது, சிப்பாய்ப் படை குலைந்துவிடும் என்றும் எழுதினார்.

அவருக்குப் பின் நடந்தது வேதனையானது. வரி பல மாவட்டங்களில் உயரமாகவே நின்றது, விலைவாசி விழுந்தது, தாசில்தார் கையில் போலீஸ் இருந்தது. 1855-ல் சென்னையில் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை வந்தபோது, வரி கட்டாதவரின் விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி முதல், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது வரை எல்லாம் பதிவாயின. அதே ஆண்டில் புதிய அளவைக்கு முடிவு செய்தார்கள். பின்பு வந்த தீர்வையில் நிகர விளைச்சலில் பாதிக்கு மிகாமல், 30 ஆண்டுக்கு மாறாமல் என்று விதி வந்தது.

இன்றும் தாலுகா அலுவலகம் போனால் இந்தச் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. ஆள்வாரிக் கணக்கு சிட்டா, வயல்வாரிப் பயிர்க்கணக்கு அடங்கல், ஆண்டுக்கணக்குப் பரிசோதனை ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும், பசலி 1434 என்றால் 2024 ஜூலை. பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளைத் தமிழ்நாடு 1980-ல்தான் ஒழித்தது.

மன்றோவின் முடிவு: பதவி விலகக் கேட்டிருந்தார், அடுத்தவர் வரத் தாமதமானது. அந்த இடைவெளியில் தத்த மண்டலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டார். பரிவாரத்தில் காலரா பரவியது. 1827 ஜூலை 6 காலை பத்திகொண்டா முகாமில் அவருக்குக் கண்டது, அன்றிரவே இறந்தார். அனந்தப்பூர்ப் பக்கத்துக் குத்தியில் (Gooty) அடக்கம் செய்து, 1831-ல் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். குத்தியில் அவர் நினைவாக ஒரு சத்திரம் எழுந்தது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்ததும் உண்மை.

மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்து பேசினார் என்பது பக்தர்கள் போற்றும் நம்பிக்கை. அதை நம்பிக்கையாகவே வைத்துக்கொள்ளலாம். சிலையில் சேணமும் அங்கவடியும் மறந்துபோனதால் சிற்பி உயிரை விட்டார் என்பது கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டனில் நான்காம் ஜார்ஜ், வெலிங்டன் சிலைகளையும் அங்கவடி இல்லாமலேதான் செய்தார். அது அவர் பாணி. இன்னொன்று, கொல்லம் அருகே உள்ள மன்றோ தீவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. அது திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர்.